இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கும் கடை

திருகோணமலை டொக்யார்ட் வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஓட்டுக் கூரை போட்ட பழைய வீடொன்றின் விறாந்தையும் முன்னறையும் சேர்ந்ததுதான் அந்தத் தையற்கடை. அதற்குப் பெயர்ப்பலகை எக்காலத்திலும் இருந்ததில்லை. ‘தையலம்மா வீடு’ என்று சொன்னால், நரை விழுந்த எந்த ஓட்டோக்காரரும் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இளையவர்களுக்கு மட்டும் வழி சொல்ல வேண்டியிருக்கும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்திலிருந்து நகருக்குள் உலாவ வரும் மான்கள் சில வேளைகளில் அந்த ஒழுங்கை வரைக்கும் வந்து, படலையோரத்தில் போட்டிருக்கும் பப்பாசித் தோலைத் தின்றுகொண்டு நிற்கும்.

தையலம்மா கடந்த தபசு காலத்தில் (உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பு நாட்களில்), தொண்ணூறைத் தாண்டிய வயதில், காலமானார். இப்போது கடையை நடத்துபவர் அவருடைய தங்கையின் மகள். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் அவருடைய பெறாமகள். ‘அவ இல்லாத இடத்தில இனியும் உடுப்புக் குடுக்கலாமா?’ என்று உறவினரும் தோழியரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதனால், மூன்று வேலைகளைக் கொடுத்து, வாங்கி, உடுத்தி, தோய்த்துப் பார்த்த பின்னர் இதை எழுதுகிறேன். கடையை மட்டும் மதிப்பிட்டுவிட்டு, எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தியவரைப் பேசாமல் விட இயலாது. அங்கு இன்றைக்கும் நல்லதாக இருப்பவை யாவும் அவருடைய பழக்கங்கள். குறையாக இருப்பவற்றிலும் ஒன்றிரண்டு அவருடையவையே.

நான் கொடுத்த வேலைகள் இவை: 1978ஆம் ஆண்டு என் அம்மாவின் கலியாணத்துக்குத் தைத்த பட்டுச் சாறிச் சட்டையை எனக்கு அளவாக விரித்துத் தருவது, லைனிங் வைத்த புதிய சாறிச் சட்டை ஒன்று, மகளுக்கு வெள்ளைச் சீருடை இரண்டு. அளவெடுப்பதற்கு முன்னர் பெறாமகள் அலுமாரியைத் திறந்து, நீளமான சீ.ஆர். கொப்பிகளின் அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். அம்மாவின் பெயருக்கு நேரே மார்பு, இடுப்பு, கைச்சுற்று, தோள் ஆகியவற்றின் அளவுகள் பென்சிலில் இருந்தன. பக்கத்தில், கொடுத்த துணியிலிருந்து நறுக்கிய ஒரு சிறு துண்டு குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் போட்டிருந்தாலும், துண்டின் மாதுளை நிறம் அப்படியே இருந்தது. அந்தக் கடையில் இன்றைக்கும் ரசீது கிடையாது. உங்கள் துணியில் நறுக்கிய துண்டுதான் உங்கள் ரசீது. அது கொப்பியிலேயே தங்கிவிடும். இறந்துபோன வாடிக்கையாளரின் பெயருக்கு எதிரே தையலம்மா ஒரு சிறு சிலுவை போட்டு வைப்பார்; சைவக்காரராக இருந்தாலும், கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் மணப்பெண்ணாக இருந்தாலும் அதே சிலுவைதான். அதில் எவருக்கும் மனக்குறை இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அம்மாவின் சட்டையை என் முன்னாலேயே பிரித்தார்கள். பட்டுத் துணியைக் கத்தரிக்கோலால் பிரிப்பதில்லை. சவரப் பிளேட்டின் பாதியைக் கடதாசியில் சுற்றிப் பிடித்து, மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறுபக்க நூலை ஒரே இழுப்பில் உருவுகிறார்கள். உள்ளே பார்த்தபோதுதான் ஊரார் இந்தக் கடையை ஏன் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெளிவாயிற்று. இடுப்புப் பக்கம் இரண்டு பக்கத்திலும் முழுதாக இரண்டு அங்குலம், அக்குளை அண்டி ஒன்றரை அங்குலம் என்று துணி உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. சாதாரணமாக அவ்வளவு துணியை உள்ளே விட்டால் அக்குளில் திரண்டு உறுத்தும் என்பதற்காக, வளைவு வரும் இடத்தில் கத்தரியால் கொத்திவிடுவார்கள். கொத்திவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் அதை விரிக்க முடியாது. தையலம்மா கொத்துவதில்லை. துணியை ஈரப்படுத்தி, சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டியால் வளைவை இழுத்து இழுத்து அழுத்தி, அது தானாகவே உடம்போடு படியும்படி செய்து, ஓரத்தைக் கைத்தையலால் சுற்றி முடித்திருந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.

ஒரு சங்கடம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். வெளியே இருந்த துணி வெயிலிலும் வியர்வையிலும் செங்கல் நிறத்துக்கு மங்கியிருக்க, உள்ளே மடிந்திருந்த பட்டை மட்டும் புதுமாதுளையாக இருந்ததனால், முழுவதையும் விரித்தால் விலாவில் இரண்டு கோடுகள் தெரியும். பெறாமகள் அதை முதலிலேயே காட்டிச் சொன்னார். முக்கால் அங்குலம் மட்டும் விரித்தால் கோடு கைக்குக் கீழே மறையும், மீதியை முன்பக்க டார்ட்டைத் தளர்த்தி எடுக்கலாம் என்று அவர் எடுத்த முடிவு சரியானது. பழைய ஊசித் துளைகளை நனைத்த விரல் நகத்தால் தேய்த்துவிட்டார்; பட்டில் அவை முழுவதும் மறைவதில்லை, உற்றுப் பார்த்தால் தெரிகின்றன. அந்தச் சட்டையை அண்ணன் மகளின் கலியாணத்துக்கு உடுத்தினேன். கையைத் தூக்கிப் பூமாலை எடுத்துக் கொடுக்கும்போதும் எங்கும் இழுக்கவில்லை.

ஏன் இவ்வளவு துணியை உள்ளே விடுகிறீர்கள் என்று பள்ளிக்கூடக் காலத்தில் நானே தையலம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, ‘நாளைக்கு நீர் பெருத்தா வேற எங்க போவீர், என்னட்டத்தானே வருவீர் பிள்ளை’ என்றார். இது வியாபாரத் தந்திரம்போல் ஒலித்தாலும் உண்மை வேறு. விரித்துக் கொடுக்கும் வேலைக்கு அவர் பெரும்பாலும் கூலி வாங்கியதில்லை. முதற்பிள்ளை பிறந்த பின்னர் தன் கலியாண உடுப்பைத் திரும்பப் போட முடியாமல் நிற்கும் பெண்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

இந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பாலையூற்றுப் பக்கத்தில் இருந்த ஒரு பறங்கிப் பெண்மணி என்பார். கிழக்கிலங்கைப் பறங்கியர் மத்தியில் தச்சு, கொல்லு, தையல் ஆகியவை பரம்பரைத் தொழில்களாக இருந்தவை. லேஸை இன்றைக்கும் நாம் ‘ரேந்தை’ என்று சொல்லும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனதுதான். அந்தப் பெண்மணி வீட்டில் தரையில் இருந்து ஓரம் மடித்துப் பழகிக்கொண்டிருந்த சிறுமியாகத் தையலம்மா இருந்த காலத்தில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பாதி மடித்த ஓரத்தோடு ஊசியைத் துணியில் குத்திவிட்டு ஓடியதையும், மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது ஊசி துருவேறித் துணியோடு ஒட்டியிருந்ததையும் மட்டும் சொல்வார். கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை அன்றைக்கே கண்டதனாலோ என்னவோ, சாறிச் சட்டைக்கு அவர் இரும்புக் கொழுக்கி வைத்ததே இல்லை. பித்தளைக் கொழுக்கிதான். கொழும்பில் தைத்துக் கொண்டுவரும் சட்டைகளின் முதுகில் மூன்றாம் மாதமே பழுப்புக் கறை விழுவதை எங்கள் ஊரில் எவரும் அறிவர்.

போர் முடிந்த பின்னர், பிரித்தானியக் கடற்படைத் தளம் இங்கு இயங்கிய காலம் வரையில், அதிகாரிகளின் மனைவிமார் கவுன் தைக்கக் கொடுத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த காகித மாதிரிகளைப் பார்த்துத்தான், துணியில் நேரே சோக்கால் கீறாமல் முதலில் தடித்த மண்ணிறக் காகிதத்தில் வெட்டிக்கொள்ளும் முறையைத் தையலம்மா பிடித்துக்கொண்டார். கடைச் சுவரில் ஆணி ஆணியாக அந்தக் காகித உடல்கள் இன்றும் தொங்குகின்றன. 1877 முதல் இலங்கையில் மெசின் விற்றுவரும் சிங்கர் நிறுவனத்திடம் தவணை முறையில் ஒரு கைமெசின் வாங்கியதும் அந்த வருமானத்தில்தான். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டு வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலேறியதும் அந்த வேலை நின்றது. மெசினுக்கு இன்னும் தவணை இருந்தது.

அவரைத் தாங்கிப் பிடித்தது கத்தோலிக்கக் கோயில். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானது. தையலம்மாவின் நல்ல காலம் முழுவதும், அதாவது 1947 முதல் 1974 வரை, இங்கு ஆயராக இருந்தவர் இயேசு சபையைச் சேர்ந்த கிளெனி ஆண்டகை. பங்குக் கோயில்களுக்கும் கன்னியர் மடங்களுக்கும் வேண்டிய துணிவேலை குறைவில்லாமல் இருந்தது. பூசை அப்பத்தை முதன்முதலாக வாங்கும் பிள்ளைகளுக்கு முதல் நன்மைக் கவுன்கள், பீடச் சிறுவரின் அங்கிகள், ஞானஸ்நானச் சட்டைகள், பீட விரிப்புக்குக் குறோசே ஊசியால் பின்னிய ரேந்தை ஆகியவற்றோடு, வேறு எவரிடமும் கொடுக்கத் தயங்கும் வேலை ஒன்றும் அவரிடம் வந்தது. பூசையில் பாத்திரமும் அப்பத்தட்டும் வைப்பதற்காகப் பீடத்தின்மேல் விரிக்கும் சதுர வெள்ளைத் துணியைத் திருமேனித் துகில் என்பார்கள். அதை மூன்றுக்கு மூன்றாக, ஒன்பது கட்டம் விழும்படி, உட்பக்கம் நோக்கியே மடிக்க வேண்டும். அப்பத்தின் துகள் ஏதும் இருந்தால் வெளியே சிந்தாமல் உள்ளேயே அடங்குவதற்காக. மடிப்பு எங்கே விழ வேண்டுமோ அங்கேயே விழும்படி இழை எண்ணி வெட்டினால்தான் ஒன்பது கட்டமும் சமமாக வரும். தையலம்மா இழை எண்ணுவார். துணியின் ஓரத்தில் ஒரு நூலை மெதுவாக உருவி எடுத்து, அது விட்டுச்சென்ற வெளிக்கோட்டின் மேலேதான் கத்தரிக்கோல் போகும். நாங்கள் சைவக்காரர், துகில் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாத வயதிலேயே, அவர் நூல் உருவுவதைப் பார்ப்பதற்காக விறாந்தைப் படியில் மணிக்கணக்காக இருந்திருக்கிறேன்.

தோய்ப்பதிலும் ஒரு முறை இருந்தது. பூசைக்குப் பாவித்த துகிலை முதலில் தனிப் பாத்திரத்தில் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும் என்பது கோயில் ஒழுங்கு. கிணற்றடியில் நின்ற நந்தியாவட்டையின் அடியில்தான் அவர் அதை ஊற்றுவார். பிறகு அரிசிக் கஞ்சி போட்டு, பாதி ஈரத்தில் அயன் பிடிப்பார். உடுப்புக்குப் போடும் கஞ்சியும் துகிலுக்குப் போடும் கஞ்சியும் ஒரே பானையில் இருந்ததை நான் கண்டதில்லை.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைப் பற்றி இறையியல் கற்றவர்கள் பலவிதமாகப் பேசுவார்கள். தையலம்மாவுக்கு அதில் விளங்கியது ஒன்றுதான்: சுவாமியார் இனி ஆட்களைப் பார்த்து நிற்பார். அது வரைக்கும் குருவானவர் சனங்களுக்கு முதுகு காட்டி, பீடத்தை நோக்கி நின்று லத்தீனில் பூசை வைத்ததனால், பூசை உடுப்பின் அழகெல்லாம் பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் கை அசைவுக்கு இடம் விட்டுக் குடைந்து வெட்டப்பட்டிருக்கும். பின்பக்கம் பலகைபோல் விறைத்து நிற்க, அதன்மேல் பெரிய சிலுவையும் பொன்னிழை வேலையும் இருக்கும். பீடம் திரும்பியபோது, வருடக்கணக்காகக் கண்பூத்து இழைத்த வேலைகள் ஒரே காலத்தில் எவருக்கும் தெரியாத பக்கத்துக்குப் போய்விட்டன. பழைய உடுப்புகளைப் பிரித்து, பின்பக்கத்துச் சிலுவையை எடுத்து முன்பக்கத்தில் வைத்துத் தைக்கலாமா என்று ஒரு சுவாமியார் கேட்டபோது, முடியாது என்று மறுத்துவிட்டாராம். பின்னால் வைத்த அளவு முன்னால் வராது, நெஞ்சில் மடிந்து கோணும் என்பது அவர் சொன்ன காரணம். புதிய வடிவம் தோளிலிருந்து அகன்று தொங்குவது; துணி கூடுதலாக வேண்டும், ஆனால் கன்வஸ் வைத்து விறைக்க வைக்கத் தேவையில்லை. திருகோணமலையின் சித்திரை வெயிலில் இந்த மாற்றத்துக்காகச் சுவாமிமார் நன்றி சொல்லியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை என்ற நான்கு நிறத்திலும் புதிதாகத் தைக்க வேண்டியிருந்ததனால் கடைக்கு இரண்டு மூன்று ஆண்டு ஓய்வில்லை.

நாள்தோறும் காலைப் பூசைக்குப் போவார். சாறியின் தோளில் எப்படியும் ஒரு துண்டு நூல் ஒட்டியிருக்கும். பின்வாங்கில் இருக்கும் பெண்கள் அதை எடுத்துவிடுவதை அம்மாவின் தோழியொருவர் கதையாகச் சொல்வார். பக்தி மிகுந்தவர் என்று அவரைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள்; அது உண்மைதான். ஆனாலும் அவரே என்னிடம் ஒப்புக்கொண்டது இது: ‘சுவாமியின்ர அங்கி ஓரம் ஒரு பக்கம் இறங்கியிருந்தா, பிரசங்கத்தில எனக்கு ஒண்டும் காதில விழாது பிள்ளை. அங்கதான் கண் போகும்.’ பூசை முடிந்ததும் நேரே சுவாமிமார் உடை மாற்றும் அறையான சங்கிறித்திக்குள் போய், உடுத்தபடியே நிற்கச் சொல்லி ஓரத்தைக் குண்டூசியால் குத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரிய வெள்ளியன்றும் அவர் ஊசி பிடிப்பதில்லை. செத்தவீட்டு உடுப்புக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

1964 டிசம்பர் 22ஆம் திகதி புயல் அடித்தபோது நத்தாருக்கு மூன்று நாள் இருந்தது. தைத்து முடித்த உடுப்புகள் அடுக்கியிருந்த அறையின் ஓடுகள் பறந்து, சிவப்புச் சாட்டினின் சாயம் இறங்கி வெள்ளைக் கவுன்களில் பரவியிருந்தது. அவற்றை உப்புத் தண்ணீரில் போட்டு, சாயம் போனவற்றைப் போனவரையில் எடுத்து, போகாத இடங்களின் மேல் ரேந்தையும் ரிப்பனும் வைத்துத் தைத்து, நத்தார் இரவுக்குள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அந்த ஆண்டுக் கவுன்களில் ரிப்பன் எங்கே இருந்ததோ அங்கே சாயம் இருந்தது என்று ஊரில் பகிடியாகச் சொல்வதுண்டு.

1970களில் இறக்குமதி கட்டுப்பட்டுத் துணி கிடைக்காத ஆண்டுகளில் அவருக்குப் பெரும்பாலும் பழையதைப் புதிதாக்கும் வேலைதான். சேர்ட் கொலர் தேய்ந்தால் அதைப் பிரித்து மறுபக்கம் திருப்பி வைப்பது, பெரியவரின் காற்சட்டையைச் சிறுவனுக்குச் சுருக்குவது, மாச்சாக்கை வெளுத்து உள்பாவாடை தைப்பது. உள்ளே துணி விட்டிருந்த பழைய உடுப்புகளுக்கு அப்போதுதான் உண்மையான பெறுமதி வந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தைப் பற்றி அவருடைய கொப்பிகள் சொல்வதற்கு மேல் நான் சொல்ல விரும்பவில்லை. துணித்துண்டு குத்தப்பட்டு, அளவு எழுதப்பட்டு, ‘எடுக்கவில்லை’ என்று மட்டும் குறிக்கப்பட்ட பக்கங்கள் 1990ஆம் ஆண்டுக் கொப்பியில் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த உடுப்புகளைச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருந்தார். இந்தியாவிலிருந்து திரும்பி வந்த சிலர் பத்து வருடங்கள் கழித்து வந்து வாங்கிப் போனதுண்டு. வாங்கியவர்களுக்கு விரித்துக் கொடுக்கவும் வேண்டியிருந்திருக்கும்.

கடைசிப் பத்து ஆண்டுகளில் கண் மங்கி, மெசினில் இருப்பதை விட்டுவிட்டார். வெட்டு மட்டும் அவர் கைக்குள் இருந்தது. பிறகு அதையும் விட்டு, முடிந்த உடுப்பை விரலால் தடவிப் பார்த்து, தையல் அகன்ற இடத்தைச் சொல்பவரானார். அடக்கத்துக்கு என்று வெள்ளைச் சட்டையொன்றைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தைத்து வைத்திருந்தார். ஆனால் கடைசியில் உடம்பு மிகவும் வற்றிவிட்டது. உள்ளே விட்ட துணி போதாமற்போகும் என்று வாழ்நாள் முழுவதும் கணக்குப் போட்டவருக்கு, வெளியே இருந்ததே கூடிவிட்டது. பெறாமகள் அன்றிரவு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார். மிஞ்சியதை வெட்டவில்லை.

இனி, இப்போதைய கடைக்கு வருகிறேன். புதிய சாறிச் சட்டையின் வெட்டு எனக்கு முழுத் திருப்தி. லைனிங் பொப்லினை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பின்னர்தான் வெட்டியிருக்கிறார்கள். ஆறு தடவை தோய்த்த பின்னரும் உள்ளே சுருங்கி மேல்துணியை இழுக்கவில்லை. கழுத்து ஓரப் பைப்பிங் சரியான குறுக்கு வெட்டில் இருப்பதனால் வளைவில் படிந்து கிடக்கிறது. நேர்த்துணியில் பைப்பிங் வெட்டினால் கழுத்தோரம் எழும்பி நிற்கும். துணியை மிச்சம் பிடிப்பதற்காக நகரத்தில் பலரும் இன்று அப்படித்தான் செய்கிறார்கள். உள்ளே விட்ட துணி ஒன்றரை அங்குலம். இரண்டு ஏன் இல்லை என்று கேட்டேன். இப்போதைய பிள்ளைகள் விலாவில் தடிப்பாக இருக்கிறது என்று முறையிடுவதனால் குறைத்ததாகவும், கேட்டால் இரண்டு விடுவதாகவும் சொன்னார். ஆகவே கேளுங்கள்.

சீருடையைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது. பெட்டி மடிப்புகள் அளவாக விழுந்திருந்தன. ஓரம் மூன்று அங்குலம் உள்ளே மடித்திருப்பதனால் இரண்டு வருடத்துக்கு இறக்கிக் கொடுக்கலாம். ஆனால் முதுகில் வைத்த சிப் மட்டமானது. இரண்டாம் கிழமையே பல் விட்டது. முன்பெல்லாம் இந்தக் கவுன்களுக்குத் தெறிதான் வைப்பார்கள், தெறி விழுந்தால் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். சிப் வைப்பது விரைவான வேலை என்பது விளங்குகிறது. விரைவு என்று சொல்லும்போதே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் பிந்தித்தான் எல்லாம் கிடைத்தன. இந்தக் குறை புதிதல்ல. தையலம்மா காலத்திலும் ‘வெள்ளிக்கிழமை’ என்றால் எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தை மாதம் பாடசாலை தொடங்கும் முன்னர் சீருடைத் துணியைக் கொண்டுபோய் நிற்கும் வரிசையைப் பார்த்தால் கோபப்படவும் மனம் வராது. ஆனாலும் பிள்ளை முதல் நாள் பழைய கவுனோடு போக வேண்டியிருந்ததை மறைக்கப் போவதில்லை.

கடையில் கால்மெசின் இரண்டும், மின்சாரத்தில் ஓடும் ஓவர்லொக் ஒன்றும் உள்ளன. பழைய கைமெசின் கண்ணாடி அலுமாரியின் மேலே இருக்கிறது. அதற்கும் எண்ணெய் விடுகிறார்கள். 2022ஆம் ஆண்டு நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரையில் மின்சாரம் நின்ற நாட்களில் நகரத்தின் மின்மெசின் கடைகளெல்லாம் மூடிக் கிடக்க, இங்கு வெளிச்சம் உள்ள வரைக்கும் கால்மெசின் ஓடியது. ஓவர்லொக் வந்த பின்னர் உள்ளோரங்களைக் கைத்தையலால் சுற்றுவது குறைந்துவிட்டது. பருத்திக்கும் சீருடைக்கும் அது போதும். பட்டுக்குக் கைத்தையல்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கூட்டி வாங்குவார்கள். பழைய சட்டையை விரித்ததற்கு 800 ரூபாயும், லைனிங்குடன் புதிய சட்டைக்கு 2,200 ரூபாயும், சீருடை ஒன்றுக்கு 1,400 ரூபாயும் கொடுத்தேன். இதைவிட மலிவாகத் தைப்பவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தைத்ததை விரிக்க முடியாது. கோயில் வேலை இன்றும் உண்டு, ஆனால் ஆயத்த உடுப்புகளும் விரிப்புகளும் இப்போது கொழும்பிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்துவிடுவதனால், முதல் நன்மைக் கவுன்களும் துகில்களும்தான் மிஞ்சியிருக்கின்றன. அதனால் இழை எண்ணும் வேலையைப் பெறாமகள் மறந்துவிடவில்லை. வெள்ளைத் துணியில் ஒரு நூலை உருவி எனக்குக் காட்டினார், இடையில் அறாமல் முழு நீளமும் வந்தது.

கடைசியாக ஒன்று. புதிய சட்டையின் இடது கையில், தோள் மூட்டுக்கு முன்னால் சிறு சுருக்கம் இருந்தது. கையைப் பொருத்தும்போது அடையாளப் புள்ளி கால் அங்குலம் முன்னே போயிருந்ததே காரணம். கலியாணம் முடிந்து ஒரு மாதத்தின் பின்னர்தான் கொண்டுபோனேன். பெறாமகள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ‘பெரியம்மா இருந்திருந்தா இதை வெளியில போக விட்டிருக்கமாட்டா அக்கா’ என்று சொல்லிவிட்டு, என்னை விறாந்தையில் இருத்தி, கையைக் கழற்றி, இருபது நிமிடத்தில் மறுபடி பொருத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பிறகு கொப்பியை எடுத்து, அம்மாவின் பக்கத்துக்கு எதிரே எனக்கு எழுதிய அளவுகளின் கீழ் ‘இடக்கை, கால் பின்’ என்று குறித்துக்கொண்டார். சிப்பையும் மாற்றித் தருவதாகச் சொன்னார். மகளின் புதுக் கவுன்களுக்குத் தெறி வைப்பதானால், நத்தார் வேலை தொடங்குவதற்கு முன்னர், ஐப்பசி முடிவதற்குள் துணியைக் கொண்டுவந்து தரும்படியும் கேட்டுக்கொண்டார். காலைப் பூசை முடிந்து எட்டரை மணிக்குப் பிறகுதான் கதவு திறக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்.